மூன்றும் ஒன்றுதான்

மார்ச் 3

அக்கா,

இல்லை, அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

"அவ சிரிச்சாளா இல்லையா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னாயாம். எட்டு மாதத்தில் உன்னிடமிருந்து வந்த ஒரே கேள்வி. அம்மா அதை மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல ஃபோனில் வாசித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு சின்ன அறையில் பத்தொன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் தொடங்கினால் போதும். நான் விரிப்புக்குப் பின்னால் இருந்தேன். குமிழைத் திருப்புவதில் கவனமாக இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அடிக்கடி வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். என் வீட்டு முன்னறை. மதியம் மூன்று மணி. சன்னலோரம் நான் பழையதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர். அதோடு இணைத்த ரெக்கார்ட் பிளேயர், சிடி பிளேயர், உயர்தர ஸ்ட்ரீமிங் பெட்டி. மூன்றிலும் ஒரே ஆல்பம். அதுவும் நீ மாஸ்டரிங் செய்தது. வெளிவருவதற்கு முன் கடைசியாகக் கேட்டுச் சமன்செய்து அனுப்பியது உன் காது. முன்னால் என் நீலப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தேன். ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பி மூன்றையும் நான் மாற்றி மாற்றிப் போட, எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இசையமைப்பாளர் முதல் வரிசையில். நீ நடுவில், பிரம்பு நாற்காலியில்.

எல்லோரும் பேசினார்கள். முதலாவது வெதுவெதுப்பு. இரண்டாவது சுத்தம், ஆனால் வறட்சி. மூன்றாவது திறந்தவெளி. நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "மூணும் ஒண்ணுதான்" என்றாய்.

அதைப் பத்திரிகையில் எழுதியது நான். என் வேலை அது. "தான் பெற்றதை அறியாத காது" என்ற தலைப்பு ஆசிரியர் போட்டது. இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மறைக்கவில்லை. என் பத்திகள் புத்தகமாகின்றன. ஜூனில் அச்சுக்குப் போகிறது. அந்தக் கட்டுரைதான் முதல் அத்தியாயம். அதில் 'என் அக்கா' வருகிறாள். அக்காவின் கையெழுத்து இல்லாமல் போட மாட்டேன் என்கிறார் பதிப்பாளர். தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் ரெக்கார்ட் பிளேயரைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் என்றாள் அம்மா. எதற்கு?

வாலு


மார்ச் 14

வாலு,

சிரித்தாய். உன் சிரிப்பு வாயில் தொடங்காது, மூக்கில் தொடங்கும். முதலில் ஒரு சின்ன மூச்சு, பிறகு அதை விழுங்குவாய். நீ பிறந்ததிலிருந்து கேட்கிறேன். என் காதுக்கு என்ன ஆகியிருந்தாலும் அது கேட்டது. நடுவில் இருந்தது துணிதானே, சுவர் இல்லையே.

இனிமேலும் கடிதமாகவே எழுது. ஃபோனில் குரல் நசுங்கி வருகிறது. நீ அழுகிறாயா கொட்டாவி விடுகிறாயா என்று தெரியவில்லை.

ரெக்கார்ட் பிளேயர் எதற்கு என்று கேட்டாய். சொல்கிறேன். அந்த ஆல்பத்துக்கு நான் இரண்டு பிரதி செய்தேன். சிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் ஒரே பிரதி. அந்த இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முடியும் என்று மார்தட்டுகிறவனை நான் நம்புவதும் இல்லை. இசைத்தட்டுக்கு வேறு பிரதி. கீழ்ஸ்தாயி ஒலிகளை நடுவுக்கு இழுத்தேன், இல்லாவிட்டால் ஊசி குதிக்கும். பாடகியின் ஒவ்வொரு 'ஸ'வையும் மழுக்கினேன், இல்லாவிட்டால் சீறும். பதினோரு நாள் வேலை. தட்டை மட்டுமாவது நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். முடியவில்லை. அந்த இசையமைப்பாளர் முன்னால் முடியவில்லை.

அவர் அடுத்த ஆல்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். மரியாதையாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம். நாங்க எங்க போயிடப் போறோம்." போய்விட்டார்கள்.

காது டாக்டரிடம் போனேன். அலமாரி அளவுக்கு ஒரு அறை. காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். பீப் கேட்டால் அழுத்த வேண்டும். "வயசுக்கு நல்லாவே இருக்கு" என்றாள் டாக்டர். நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல மாட்டேன்.

பாட்டு வேலை இப்போது எடுப்பதில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை, நானாக வேண்டாம் என்றேன். லிஃப்ட் அறிவிப்பு செய்கிறேன். "கதவுகள் மூடுகின்றன. மூன்றாம் தளம்." பதினான்கு மாடி மருத்துவமனைக்கு. ஒன்பதாவது மாடிக்கான அறிவிப்பில் பேசிய பெண் தும்மிவிட்டாள், மறுபடி எடுக்க வேண்டும். தும்மலைக் கண்டுபிடிக்க இந்தக் காது போதும்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடந்ததைத்தானே எழுதியிருக்கிறாய். அதை மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். உன் மேல் உள்ள கோபம்கூட அந்த வெட்கத்துக்கு நான் போர்த்திய போர்வை என்று தோன்றுகிறது.

அக்கா


மார்ச் 29

அக்கா,

கையெழுத்து வந்தது. தாளை மேசையில் வைத்து மேலே ஒரு புத்தகத்தை வைத்தேன். பிறகு புத்தகத்தின் மேல் இன்னொரு புத்தகம்.

ஒன்று சொல்ல வேண்டும். நேராகச் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயரில் இரண்டு உள்ளீடுகள்தான் காலி. தட்டுக்கு ஒன்று, சிடிக்கு ஒன்று. ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு இடம் இல்லாமல், அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டருக்கு வைத்திருந்த துளையில் செருகினேன். குமிழில் மூன்றாவது நிலை டேப். அது சரிதான். ஆனால் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பொத்தான் உண்டு. மானிட்டர் என்று எழுதியிருக்கும். அது உள்ளே அழுந்தியிருந்தால், குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் டேப் துளையில் இருப்பது மட்டுமே கேட்கும்.

அழுந்தியிருந்தது. காலையில் ஒலி அளவைச் சமன்செய்தபோது வெளியேதான் இருந்தது. விரிப்பைக் கட்டும்போது என் முழங்கை பட்டிருக்கும்.

தட்டு சுற்றியது. ஊசி அதன் மேல் இருந்தது. சிடி ஓடியது. ஆனால் அன்று அந்த அறையில் கேட்டது முழுக்க ஸ்ட்ரீமிங். நான் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒன்றே ஓடிக்கொண்டே இருந்தது. இசையமைப்பாளர் சொன்னாரே, நினைவிருக்கிறதா, "மூணையும் ஒரு நூலிழை பிசகாம சேத்து ஓட்டுறீங்களே, கை சுத்தம்!" நான் விரிப்புக்குப் பின்னால் தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டேன். காலையில் ஒத்திகை பார்த்தபோது திருப்பும் இடத்தில் அரை நொடி தாவியது. மதியம் தாவவில்லை. எனக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நீ சொன்னது சரி, அக்கா. மூன்றும் ஒன்றுதான். பத்தொன்பது பேருக்கு இல்லாத வெதுவெதுப்பு கேட்டது. உனக்கு இருப்பது கேட்டது.

போன ஞாயிறு தூசி துடைக்க ஆம்ப்ளிஃபயரை இறக்கினேன். அன்றைக்குப் பிறகு அதை நான் தொடவே இல்லை. பொத்தான் இன்னும் உள்ளே இருந்தது. அப்போதுதான் தெரிந்தது.

என்ன எழுதினாலும் போதாது.

வாலு


ஏப்ரல் 6

உன் கட்டுரை என்னிடம் இருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதே. ஆகஸ்ட் இதழ், நாற்பத்தோராம் பக்கம், படம். ஆம்ப்ளிஃபயர் மேல் நீ கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாய். குமிழுக்குப் பக்கத்தில் பொத்தான். நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நிழல்கூட விழுந்திருக்கிறது.

படம் எடுக்க ஆள் எப்போது வந்தான்? கட்டுரை எழுதும் முன்பா, பின்பா?

நீ பொய் சொல்லும்போது எப்போதும் ஒரு விவரம் அதிகமாகச் சொல்வாய். தூசி துடைத்தாயாம். நீயாவது, தூசி துடைப்பதாவது.

ஒன்றைப் புரிந்துகொள். அந்த நாற்காலியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. திருப்பும் இடத்தில் தாவல் இல்லை. ஊசியின் சரசரப்பு இல்லை. மூன்று முறையும் அந்த 'ஸ' கூர்மையாக, நான் மழுக்காத 'ஸ'வாக வந்தது. ஒயரில் ஏதோ கோளாறு என்று வாய்வரை வந்தது. அப்புறம் நினைத்தேன், செய்கிறவள் என் தங்கை, காலையிலிருந்து உட்கார்ந்து சரிபார்த்திருப்பாள், அவள் தப்பு செய்ய மாட்டாள். அப்படியென்றால் தப்பு என் காதில்தான்.

உன்னை நம்பினேன். அதனால் என்னை நம்பவில்லை. எட்டு மாதம்.

எனக்கு விளக்கம் வேண்டாம். நீ அந்தப் பொத்தானைப் பார்த்த தேதியை எழுது. தேதி மட்டும்.


ஏப்ரல் 19

அக்கா,

அதே ஞாயிறு.

மாலை ஆறு மணி இருக்கும். எல்லோரும் போய்விட்டார்கள். நீ முதலில் போனாய், குடையை மறந்துவிட்டு. நான் கோப்பைகளை அடுக்கிவிட்டு ஒயரைக் கழற்றக் குனிந்தேன். பொத்தான் உள்ளே இருந்தது. ஈரக் கையாலேயே அதை வெளியே எடுத்தேன். நம்பாமல் மூன்றையும் மறுபடி ஓடவிட்டேன். குமிழைத் திருப்பினேன். தாவியது. சரசரத்தது.

படம் எடுக்க ஆள் வந்தது செவ்வாய். கட்டுரை எழுதியது வியாழன். தெரிந்துதான் எழுதினேன்.

தலைப்பு நான் வைத்தது. ஆசிரியர் "அக்கா தங்கச்சிக்குள்ள சண்டை வந்துடப் போகுது" என்றுகூடக் கேட்டார். வராது என்றேன். சிரித்ததும் நான்தான். மூக்கால்.

தேதி மட்டும் கேட்டாய். மீதியை நீ படிக்காமல் விடலாம்.

பொத்தானை எடுத்த பிறகு அன்று ஒரு மணி நேரம் கேட்டேன். தட்டு, சிடி, ஸ்ட்ரீமிங். மாற்றி மாற்றி. ஊசியின் சரசரப்பை மறந்துவிட்டால் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நீ மழுக்கிய 'ஸ'வைத் தேடினேன். கிடைக்கவில்லை. நான்கு வருடமாக இதைப் பற்றி மாதம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். வெதுவெதுப்பு, காற்றோட்டம், வெல்வெட். எதையும் கேட்டு எழுதியதில்லை. மற்றவர்கள் கேட்டதாகச் சொன்னதைவிட நன்றாக எழுதுவேன். அது மட்டும் எனக்கு வரும்.

சின்ன வயதில் நீ கதவருகே நின்று சொல்வாய். "அப்பா வர்றாரு. கோவமா வர்றாரு." மாடிப்படியில் காலடி எனக்குக் கேட்பதற்கு முன்பே. நான் உன் பின்னாலேயே நின்று "எனக்கும் கேட்டுச்சு" என்பேன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கதவு திறந்ததும் நீ சொன்னபடியே இருக்கும். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்றைக்கு விரிப்புக்குப் பின்னால் நின்றபோது, முதல்முறையாக நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா? மூன்று மணி நேரம் அப்படி இருந்தது. பொத்தானைப் பார்த்தபோது நீ மறுபடி சரியாகிவிட்டாய். அதைத்தான் நான் பொறுக்கவில்லை. புத்தகம், பத்தி, பெயர் எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட காரணங்கள். ஆரம்பம் அதுதான்.

நீ டாக்டரிடம் போவாய் என்று நினைக்கவில்லை. நாலு நாள் திட்டுவாய், அப்புறம் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். மாதங்கள் போகப் போக, சொல்லாததும் சேர்ந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை உன் அறையில் உட்கார்ந்து நீ படிப்பதை நினைத்தால் என் கழுத்து சூடாகிறது. எழுதும்போதே எழுந்து போய் இரண்டு முறை முகம் கழுவினேன்.

புத்தகத்தை என்ன செய்ய? பத்திரிகையில் என்ன சொல்ல? நீ சொல்வதைச் செய்கிறேன். எதுவானாலும்.

வாலு


ஏப்ரல் 27

வாலு,

முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை.

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ செய்தால், நாளைக்கு நீ இழந்ததெல்லாம் அக்கா சொல்லி இழந்ததாகிவிடும். எனக்கு அந்த வேலை வேண்டாம். கையெழுத்து போட்டது போட்டதுதான், திருப்பிக் கேட்க மாட்டேன். போடுவதும் விடுவதும் உன் பாடு.

அன்று சொல்ல மாட்டேன் என்ற காரணத்தைச் சொல்கிறேன். அந்த அலமாரி அறையில் சில பீப்புகள் எனக்குக் கேட்கவே இல்லை. இடைவெளியைக் கணக்குப் போட்டு, இப்போது வந்திருக்கும் என்று ஊகித்து அழுத்தினேன். இருபது வருடம் காதால் சாப்பிட்டவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி டாக்டரை ஏமாற்றினேன். நல்ல ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வெட்கப்பட்டேன். அதனால்தான் நம்பவில்லை. என் காது இப்போது எவ்வளவு மிச்சம் என்று எனக்கே தெரியாது. உன் பொத்தான் வெளியே வந்ததால் மட்டும் அது தெரிந்துவிடாது.

"எனக்கும் கேட்டுச்சு" என்று நீ சொன்னதெல்லாம் பொய் என்று அப்போதே தெரியும். நீ ஒரு நொடி தாமதமாகச் சொல்வாய். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பின்னால் ஒருத்தி நின்று ஆமாம் போடுவது எனக்கும் பிடித்திருந்தது போல.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் நீ நிம்மதியாகிவிடுவாய். இன்னும் கொஞ்ச நாள் நீ நிம்மதியாக இருக்க வேண்டாம்.

புதன்கிழமை மறுபடி காது டாக்டரிடம் போகிறேன். இந்தமுறை கேட்டால் மட்டும் அழுத்துவேன்.

பதில் எழுத அவசரப்படாதே. எழுதுவதற்கு ஏதாவது இருந்தால் எழுது. குடை அங்கேயே இருக்கட்டும்.

அக்கா


மே 11

அக்கா,

எழுதுவதற்கு இப்போது இருக்கிறது.

அந்த அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். பதிப்பாளர் புத்தகத்தையே எடுத்துவிட்டார். "அது இல்லாட்டி இதுல என்னங்க இருக்கு?" என்றார். சரியான கேள்வி. உன் கையெழுத்துத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன், கடித உறையில் பார்.

திருத்தத்தை ஆசிரியரிடம் கொடுத்தேன். முதல் வரி: "என் அக்கா சொன்னது சரி; அன்று நான் போட்டது ஒன்றே ஒன்றுதான்." நான் பொத்தானைப் பார்த்த நாள், எழுதிய நாள், தலைப்பு யாருடையது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சின்னதாகப் போடலாமே, வாசகர் கடிதத்துக்குக் கீழே என்றார். அதே பக்கத்தில், அதே அளவில் என்றேன். போடுகிறார். அதுதான் என் கடைசிப் பத்தி.

மாடியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியையை அழைத்து விரிப்புக்குப் பின்னால் நிறுத்தினேன். பிரம்பு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சரசரப்பு காட்டிக்கொடுக்காமலிருக்க, தட்டையும் முன்பே கணினியில் பதிந்து, பாட்டு உரக்க வரும் இடங்களை மட்டும் போட்டோம். தட்டா, ஸ்ட்ரீமிங்கா. பத்து முறை. நாலு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் ஒன்று அதிகமாக வந்திருக்கும். அதையும் திருத்தத்தில் சேர்த்திருக்கிறேன். அந்த ஆசிரியை எட்டாவது முறையில் "இந்தப் பாட்டுல அந்தப் பொண்ணு ஒரு எடத்துல சீறுற மாதிரி இருக்கு, ஒரு எடத்துல இல்லையே, ஏன்?" என்று கேட்டுவிட்டார். கணக்கு டீச்சர். இதற்கு முன் இசைத்தட்டைத் தொட்டதுகூட இல்லையாம். உன் 'ஸ' அங்கேதான் இருக்கிறது, அக்கா. எனக்குத்தான் கேட்கவில்லை.

அன்று வந்த பதினெட்டு பேரை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன். ஏழு பேர் சிரித்தார்கள். மூன்று பேர், பொத்தான் எப்படியோ போகட்டும், தங்களுக்கு அந்த வெதுவெதுப்பு உண்மையாகவே கேட்டது என்றார்கள். ஒருவர் ஃபோனை வைத்துவிட்டார். ஒருவர் உன் எண்ணைக் கேட்டார். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்றேன். கேட்கிறேன்: தரலாமா?

பத்தொன்பதாவது ஆள் இசையமைப்பாளர். அவரிடம் ஃபோனில் சொல்லத் தோன்றவில்லை. இப்போது அவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது. நாற்பது நிமிடமாக இங்கே இருக்கிறேன். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று எழுதிப் பார்த்த தாளைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை வரவில்லை. கேட்கவில்லை.

கீழே யாரோ ஏறி வருகிறார்கள். யார் காலடி என்று எனக்குத் தெரியவில்லை.

மே 12

அவர்தான். எழுந்து நின்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த நீல விரிப்பைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டேன்.

வாலு